கெர்னல்: ஆயத்தமாக வருவதா, நாமே தொகுப்பதா?

கணினி கேள்வி – பதில்

சென்ற இதழில் லினக்ஸ் நிறுவுவது பற்றி எழுதியதைத் தொடர்ந்து வந்த மடல்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. லினக்ஸ் வழங்கலோடு (நிறுவ ஆயத்தமாகத் திரட்டித் தரப்படும் மென்பொருள் கட்டோடு) வரும் கெர்னலை, அதாவது வன்பொருளுக்கும் நிரல்களுக்கும் இடையே நின்று கணினியை இயக்கும் மைய நிரலை, அப்படியே வைத்துக்கொள்வதா, மூலநிரலை இறக்கி நம் கணினிக்கு ஏற்றபடி நாமே கம்பைல் செய்துகொள்வதா என்பதுதான் அது. காவிரிப் படுகை ஊர்களிலிருந்து வந்த ஆறு மடல்களை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன். கம்பைல் செய்வதை, அதாவது மனிதர் எழுதிய மூலநிரலைக் கணினி ஓட்டக்கூடிய நிரலாக மாற்றுவதை, தொகுத்தல் என்றே எழுதியிருக்கிறேன்.

கல்லூரி மாணவர், மன்னார்குடி: ஐயா, பள்ளியில் அக்காவுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி இப்போது என்னிடம் இருக்கிறது. நினைவகம் 2 ஜிபி. அதில் டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலை நிறுவப்போகிறேன். வழங்கலோடு வரும் கெர்னல் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது, அதனால் கனமானது, உன் கணினிக்கென்று நீயே தொகுத்தால்தான் வேகம் கிடைக்கும் என்று விடுதியில் ஓர் அண்ணன் சொல்கிறார். நிறுவும்போதே தொகுத்துவிடலாமா?

நிறுவும்போது வேண்டாம். வழங்கலின் கெர்னலைக் கொண்டே நிறுவுங்கள். வைஃபை, ஒலி, திரை, அச்சுப்பொறி எல்லாம் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஒரு மாதம் பழகுங்கள். அதன்பின் தொகுத்துப் பாருங்கள். கற்றுக்கொள்வதற்காகச் செய்தால் அதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. வேகத்துக்காகச் செய்தால் ஏமாற்றமே மிஞ்சும். உங்கள் விடுதி அண்ணன் சொன்னதைத்தான் பலரும் இன்னும் நம்புகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே விளக்குகிறேன்.

ஆயத்தக் கெர்னலில் இரண்டு பகுதிகள் உண்டு. எப்போதும் நினைவகத்தில் தங்கியிருக்கும் மையப் பகுதி ஒன்று. சுருக்கப்பட்ட நிலையில் அது வட்டில் ஏறக்குறைய பத்து எம்பி அளவுள்ள ஒரே கோப்பு. மற்றது, ஒவ்வொரு வன்பொருளுக்கும் ஒவ்வொரு கோப்பு முறைமைக்கும் (வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைக்கும்) தனித்தனியாகத் தொகுத்து வைக்கப்பட்டிருக்கும், வேண்டும்போது மட்டும் ஏற்றக்கூடிய ஆயிரக்கணக்கான மாட்யூல்கள். கணினி துவங்கும்போது தன்னோடு இணைந்திருக்கும் வன்பொருள்கள் எவை என்று கெர்னல் கண்டு அறிவிக்கிறது. யுடெவ் என்னும் நிரல் அந்த அறிவிப்பைக் கேட்டு, உரிய மாட்யூல்களை மட்டும் ஏற்றுகிறது. ஏனையவை வட்டில் கிடக்கின்றன. அவற்றுக்காக நினைவகத்தில் ஒரு பைட்டும் செலவாவதில்லை. கல்லணைக் கால்வாயில் எத்தனை மதகுகள் இருந்தாலும் திறந்த மதகின் வழியாகத்தான் தண்ணீர் பாய்கிறது. அடைத்துக் கிடக்கும் மதகு தண்ணீரைக் குடித்துவிடுவதில்லை. நிறுவி முடித்ததும் முனையத்தில் எல்எஸ்மாட் என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கானவற்றுள் நூற்றுச் சொச்சம் பெயர்கள்தான் வரும். உங்கள் கணினி சுமப்பது அவ்வளவே. வேண்டாதவற்றை நீக்கி நீங்களே தொகுக்கும்போது வட்டில் சில நூறு எம்பி மிச்சமாகும். நினைவகத்தில் மிச்சமாவது சில எம்பிதான். இணைய உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்தால் அதைப்போலப் பல மடங்கு போய்விடும்.

வேகத்தைப் பற்றிய நம்பிக்கையும் இதே போன்றதுதான். பொதுவாகத் தொகுத்த கெர்னல் உங்கள் செயலியின் சிறப்புத் திறன்களைப் பயன்படுத்தாது என்று எண்ணுகிறோம். உண்மையில் கெர்னல் துவங்கும்போதே செயலியை அடையாளம் கண்டு, தன் நிரலின் சில இடங்களில் அந்தச் செயலிக்கு ஏற்ற கட்டளைகளை மாற்றி எழுதிக்கொள்கிறது. குறியாக்கம் செய்யும் மாட்யூல்களில் பொதுவான வடிவமும் ஏஇஎஸ் என்ற குறியாக்க முறைக்கான கட்டளைகள் உள்ள செயலிகளுக்கான வடிவமும் தனித்தனியே இருக்கின்றன. செயலியில் அந்தத் திறன் இருந்தால் வேகமான வடிவமே பயன்படும். தொகுக்கும் செயலிக்கென்றே நிரலை ஆக்கும் விருப்பம் 6.16 பதிப்பில் கெர்னலிலேயே சேர்க்கப்பட்டது உண்மைதான். ஆனால் கெர்னலின் பெரும்பகுதி தசம எண் கணக்குகளையோ பெருந்திரள் கணக்குகளையோ செய்வதில்லை. ஆகவே அந்த விருப்பத்தால் கிடைக்கும் ஆதாயம் அன்றாட வேலையில் கண்ணுக்குத் தெரியாது.

அண்ணன் சொன்னது பொய்யென்று சொல்லிவிடாதீர்கள். அது ஒரு காலத்தில் முழு உண்மையாக இருந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட முதல் கெர்னலில் பத்தாயிரம் வரிகளே இருந்தன. வன்தட்டின் வகை போன்றவற்றையே மூலநிரலில் மாற்றித் தொகுக்க வேண்டியிருந்தது. 1993இல் ஸ்லாக்வேர், டெபியன் ஆகிய வழங்கல்கள் தோன்றிய பிறகும், மாட்யூல் முறை வேரூன்றும் வரை, தேவையான இயக்கிகள் (வன்பொருளை இயக்கும் நிரல்கள்) அனைத்தையும் மையப் பகுதிக்குள்ளேயே அடைக்க வேண்டியிருந்தது. நான்கு எம்பி, எட்டு எம்பி நினைவகம் இருந்த கணினிகளில் அது பெரும் சுமை. ஒரு வன்பொருளுக்குரிய இயக்கி வேறொரு வன்பொருளைத் தொட்டுப் பார்த்துக் கணினியையே உறையவைப்பதும் உண்டு. ஸ்லாக்வேர் வட்டு வகைக்கு ஒன்றாகப் பல துவக்க நெகிழ்வட்டுகளைக் கொடுத்தது அதனால்தான். நிறுவியவுடன் கெர்னலைத் தொகுக்க வேண்டும் என்ற வழக்கம் அந்தக் காலத்தில் பிறந்தது. இன்று மூலநிரல் 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. சுமையும் முறையும் மாறிவிட்டன.

உங்கள் மடிக்கணினி மெதுவாக ஓடுவதற்குக் காரணம் 2 ஜிபி நினைவகமும் பழைய சுழல் வன்தட்டும்தான். வசதி இருந்தால் நினைவகத்தை 4 ஜிபியாக்கி, வன்தட்டை எஸ்எஸ்டியாக மாற்றுங்கள். இயலாவிட்டால் எல்எக்ஸ்க்யூடி அல்லது எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய பணிமேடையை நிறுவி, தரவை நினைவகத்துக்குள்ளேயே சுருக்கி வைக்கும் இசட்ரேம் வசதியை இயக்கிக்கொள்ளுங்கள். அது 2014 முதல் கெர்னலோடு சேர்ந்தே வருகிறது, அதற்காக எதையும் தொகுக்க வேண்டியதில்லை. 2011இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வழங்கப்பட்ட பல மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் வழங்கலும் இருந்தது. அதுவும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே என்பதால், இவ்வகைக் கணினிகளில் டெபியன் இயல்பாகப் பொருந்துகிறது.

ஒரு மாதம் கழித்துத் தொகுக்கும்போது வெறுமையிலிருந்து தொடங்காதீர்கள். பூட் அடைவில் உள்ள, வழங்கலின் அமைவுக் கோப்பை நகலெடுத்துக்கொண்டு, மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் என்ற கட்டளையைக் கொடுங்கள். அந்த நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அது நீக்கிவிடும். இரவு முழுவதும் ஓடக்கூடிய வேலை இதனால் மிகவும் குறையும். இதில் ஒரு கண்ணி உண்டு. அந்த நேரத்தில் இணைக்கப்படாத பொருளுக்கான மாட்யூலும் நீங்கிவிடும். நம் பக்கத்துக் கிராமங்களில் பலரும் செல்பேசியைக் கம்பியால் இணைத்துத்தான் இணையம் பெறுகிறோம். அந்தக் கம்பி இணைப்பு, பென்டிரைவ், அச்சுப்பொறி, புளூடூத் எல்லாவற்றையும் ஒருமுறை இயக்கிவிட்டு அதன்பின் இந்தக் கட்டளையைக் கொடுங்கள். இல்லாவிட்டால் புதிய கெர்னலில் இணையமே வராது. குறையைத் தேடிப் படிக்கவும் வழியிருக்காது.

இன்னும் மூன்று செய்திகள். பிழைதேடலுக்கான கூடுதல் தகவல்களைச் சேர்க்கும் விருப்பத்தை அணைத்துவிடுங்கள். அதை வைத்துக்கொண்டு வழங்கலின் முழு அமைவையும் தொகுத்தால் 20 ஜிபி இடமும் போதாமல் போகலாம். சில வழங்கல்களின் அமைவுக் கோப்பில் அவர்களுடைய சான்றிதழ்க் கோப்பின் பெயர் எழுதப்பட்டிருக்கும். அது உங்களிடம் இராது என்பதால் தொகுப்பு பாதியில் நிற்கும், அந்த இடத்தை வெறுமையாக்கினால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொகுக்கும்போது மின்சாரம் போனால் கவலைப்பட வேண்டாம். மீண்டும் மேக் என்று கொடுத்தால் முடிந்த கோப்புகளை விட்டுவிட்டு மிச்சத்திலிருந்து தொடரும். அறுந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு மட்டும் சிதைந்திருக்கக்கூடும், அது எது என்பதைப் பிழைச்செய்தியே சொல்லிவிடும். அதை அழித்துவிட்டுத் தொடருங்கள்.

ஜெராக்ஸ் கடை உரிமையாளர், கும்பகோணம்: கடையில் இருக்கும் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டேன். எல்லாம் வேலை செய்கிறது, வைஃபை மட்டும் இல்லை. கெர்னலை மறுபடி தொகுத்தால்தான் வரும் என்கிறார்கள். அதை யாரிடம் கொடுத்துச் செய்வது?

யாரிடமும் கொடுக்க வேண்டாம். வைஃபை வராததற்குக் கெர்னல் காரணமாக இருப்பது அரிது. அந்தச் சிப்புக்கான இயக்கி உங்கள் கெர்னலில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிறது, இல்லாதது ஃபர்ம்வேர். வைஃபை சிப்புக்குள்ளேயே ஒரு சிறு செயலி இருக்கிறது. கணினி துவங்கும் ஒவ்வொரு முறையும் அதற்குரிய நிரலை வட்டிலிருந்து எடுத்து அதற்கு ஊட்ட வேண்டும். அந்த நிரல்தான் ஃபர்ம்வேர். அது தயாரிப்பாளர் தரும் மூடிய கோப்பு. கெர்னலின் மூலநிரலில் அது இல்லை. எனவே எத்தனை முறை தொகுத்தாலும் வராது.

டிமெஸ்ஜி என்ற கட்டளையைக் கொடுத்து, ஃபர்ம்வேர் என்ற சொல் வரும் வரிகளைத் தேடுங்கள். எந்தக் கோப்பை ஏற்ற முடியவில்லை என்று பெயரோடு எழுதியிருக்கும். டெபியனின் 11ஆம் பதிப்பு வரை, கட்டற்ற மென்பொருள் கொள்கையை முன்னிட்டு, இந்தக் கோப்புகள் வழக்கமான நிறுவல் வட்டில் இடம்பெறவில்லை. 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து அந்த முடிவை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து நிறுவல் வட்டிலேயே அவை இருக்கின்றன. நீங்கள் போட்டது பழைய வட்டாக இருந்தால், புதிய வட்டால் நிறுவுவதே குறுக்குவழி. அவ்வாறு செய்ய மனமில்லாவிட்டால், கம்பி இணைப்பில் வைத்துக்கொண்டு உரிய ஃபர்ம்வேர் தொகுதியை (பேக்கேஜ்) மட்டும் நிறுவிக்கொள்ளலாம். இன்டெல், ரியல்டெக், ஏத்தராஸ் சிப்புகளுக்குத் தனித்தனித் தொகுதிகள் உண்டு.

பிராட்காம் சிப்புகளில் சில மட்டும் விலக்கு. அவற்றுக்கான இயக்கி கெர்னலுக்கு வெளியே இருப்பதால், உங்கள் கணினியிலேயே தொகுக்க வேண்டும். அதையும் நீங்கள் செய்ய வேண்டியதில்லை. டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு அந்த ஒரு மாட்யூலை மட்டும் உங்கள் ஆயத்தக் கெர்னலுக்கு ஏற்றபடி தானே தொகுத்து, கெர்னல் மாறும்போதெல்லாம் மறுபடி தொகுத்துக்கொள்ளும். ஒரு நிமிட வேலைக்காக முழுக் கெர்னலையும் தொகுத்துத் தருவதாகச் சொல்லிக் கூலி கேட்பவர்களிடம் கடைக் கணினியைக் கொடுத்துவிடாதீர்கள்.

வாசகர், நாகப்பட்டினம்: மேக் மெனுகான்ஃபிக் என்ற அமைவுப் பட்டியலில் தேவையற்றவற்றை நீக்கித் தொகுத்தேன். கெர்னல் கோப்பை நானே பூட் அடைவுக்குள் நகலெடுத்து, கணினியைத் துவக்கும் கிரப் நிரலின் பட்டியலையும் புதுப்பித்தேன். துவக்கினால் ரூட் கோப்பு முறைமையை (லினக்ஸ் நிறுவப்பட்டிருக்கும் வட்டுப் பகுதியை) ஏற்ற முடியவில்லை என்று நின்றுவிடுகிறது. செய்தியின் இறுதியில் 0,0 என்று இரண்டு எண்கள் இருக்கின்றன.

அந்த இரண்டு சுழிகள்தான் விடை. கெர்னலுக்கு எந்த வட்டும் தெரியவில்லை என்பது அவற்றின் பொருள். நீங்கள் நீக்கியவற்றுள் வட்டுக்கான இயக்கி போயிருக்கலாம். சாட்டா வட்டென்றால் ஏஎச்சிஐ, புதிய வகை எஸ்எஸ்டி என்றால் என்விஎம்இ, அதன் மேல் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை ஆகியவை வேண்டும். அவை நீங்காமல் இருந்தாலும், மாட்யூலாக வைத்திருந்தால் இன்னொரு சிக்கல் வருகிறது. வட்டைப் படிப்பதற்கான மாட்யூல் அந்த வட்டின் உள்ளேயே இருக்கிறது. பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய நிலை இது. ஆயத்தக் கெர்னல்கள் இதைத் தவிர்க்க இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு கோப்புத் தொகுப்பைப் பயன்படுத்துகின்றன. கிரப் அதைக் கெர்னலோடு சேர்த்து நினைவகத்தில் வைக்கிறது. தேவையான மாட்யூல்களை அதிலிருந்து எடுத்து, வட்டைத் திறந்தபின் அந்த இடம் விடுவிக்கப்படுகிறது. கெர்னல் கோப்பை மட்டும் கையால் நகலெடுத்தால் இந்தத் தொகுப்பு உருவாவதில்லை.

வட்டு இயக்கியையும் கோப்பு முறைமையையும் மையப் பகுதிக்குள்ளேயே சேர்த்துவிட்டால் இனிட்ராம்எஃப்எஸ் தேவையில்லை என்று சிலர் எழுதுவார்கள். அதுவும் முழு உண்மையல்ல. கிரப் வழக்கமாக ரூட் பகுதியை அதன் கோப்பு முறைமையின் யுயுஐடி என்ற தனி அடையாள எண்ணால் குறிக்கிறது. அந்த எண்ணைக் கொண்டு பகுதியைக் கண்டுபிடிக்கும் வேலையைச் செய்வது இனிட்ராம்எஃப்எஸ்தான். கெர்னலுக்குத் தனியே அது தெரியாது. வட்டுப் பகுதிக்குரிய பார்ட்யுயுஐடி எண்ணை மட்டுமே கெர்னல் தானாகப் புரிந்துகொள்ளும். இயக்கிகள் எல்லாம் சரியாக இருந்தும் பலர் விழுவது இந்த இடத்தில்தான்.

ஆகவே கையால் நகலெடுப்பதை விட்டுவிடுங்கள். டெபியன் வழி வந்த வழங்கல் என்றால் மேக் பின்டெப்-பிகேஜி என்று கொடுங்கள். உங்கள் கெர்னல் முறையான டெப் தொகுதியாக (டெபியனின் நிறுவல் கோப்பாக) வெளிவரும். அதை நிறுவும்போது இனிட்ராம்எஃப்எஸ்ஸும் கிரப் பட்டியலும் தாமே உருவாகும். வேண்டாதபோது வழக்கமான முறையில் நீக்கவும் முடியும். கையொப்பமிட்ட கெர்னலை மட்டுமே துவக்கவிடும் செக்யூர் பூட் இயங்கும் கணினியாக இருந்தால் இன்னொரு படி உண்டு. வழங்கலின் கெர்னல் கையொப்பமிடப்பட்டது, உங்களுடையது அப்படியன்று. உங்களுக்கென ஒரு திறவுகோலை உருவாக்கி, மோக்யுடில் என்ற கருவியைக் கொண்டு அதைக் கணினியில் பதிந்து, அந்தத் திறவுகோலால் கெர்னலுக்குக் கையொப்பமிட வேண்டும்.

வழங்கலின் கெர்னலை எந்த நிலையிலும் அழிக்காதீர்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் இடம் போதவில்லை என்று அதை நீக்கிவிட்டு என் தொகுப்பை மட்டும் வைத்திருந்தேன். அது துவங்க மறுத்தபோது, மீட்பு வட்டு ஒன்றுக்காகப் பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர் வரை பேருந்தில் போய்வர வேண்டியிருந்தது. கிரப் பட்டியலில் பழையது ஒன்று இருந்திருந்தால் அம்பு விசையை இரண்டு முறை அழுத்துவதோடு முடிந்திருக்கும்.

ஒலிப்பதிவாளர், திருவையாறு: நாகசுரம், தவில் கச்சேரிகளை மடிக்கணினியில் பதிவு செய்கிறேன். அவ்வப்போது ஒலி வெட்டுகிறது. குறித்த நேரத்துக்குள் வேலைக்கு வந்துவிடும் நிகழ்நேரக் கெர்னலைத் தொகுத்தால் தீரும் என்று படித்தேன். அச்சமாக இருக்கிறது. வேறு வழி உண்டா?

உண்டு. உங்கள் தேவை நியாயமானது என்பதால் மகிழ்ச்சியோடு சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விக்குத் தொகுக்கத்தான் வேண்டும் என்று எழுதியிருப்பேன். நிகழ்நேரத் திருத்தங்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கெர்னலுக்கு வெளியே வளர்ந்து, 2024 நவம்பரில் வந்த 6.12 பதிப்பில்தான் முழுமையாக உள்ளே சேர்ந்தன. டெபியன் நிகழ்நேரக் கெர்னலை ஆயத்தத் தொகுதியாகவே தருகிறது. வழக்கமான கெர்னலுக்குப் பக்கத்தில் அதையும் நிறுவி, பதிவு நாளில் மட்டும் கிரப் பட்டியலில் தேர்ந்துகொள்ளலாம்.

அதற்கும் முன் ஒன்றைப் பாருங்கள். மேடையில் வாசிப்பதைப் பதிவு மட்டும் செய்கிறீர்களா, அல்லது மென்பொருளின் வழியே திரும்பிவரும் ஒலியைக் கலைஞர் காதில் கேட்டுக்கொண்டே வாசிக்கிறாரா? ஆராதனை போன்ற நேரடிக் கச்சேரியில் முதலாவதுதான் நடக்கிறது. அப்போது தாமதம் ஒரு பொருட்டே அன்று. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில் 128 மாதிரிகள் கொண்ட இடையகம் (ஒலி தற்காலிகமாகச் சேரும் இடம்) 2.7 மில்லி நொடியில் நிரம்பிவிடுகிறது. அதற்குள் கணினி ஓடிவந்து அள்ளாவிட்டால் ஒலி வெட்டும். 1024 ஆக்கினால் 21 மில்லி நொடி அவகாசம் கிடைக்கிறது. பதிவின் தரத்தில் துளியும் குறையாது. இந்த ஒரு மாற்றத்திலேயே பெரும்பாலான வெட்டுகள் நின்றுவிடும். செயலியின் மின்சேமிப்பை அணைத்து, வைஃபையையும் நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

அறையில் வைத்து, ஏற்கெனவே பதிந்த தவிலைக் கேட்டுக்கொண்டே நாகசுரத்தை வாசிக்கச் செய்யும்போதுதான் குறைந்த தாமதம் தேவை. அதற்கும் முதற்படியாக, இப்போதுள்ள கெர்னலுக்கே துவக்க வரியில், அவசர வேலைக்குக் கெர்னலை உடனே வழிவிடச் செய்யும் ப்ரீஎம்ப்ட்=ஃபுல் என்பதையும் த்ரெட்ஐஆர்க்யூஸ் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 5.12 பதிப்பிலிருந்து ப்ரீஎம்ப்ட் தேர்வைத் தொகுக்காமல் துவங்கும்போதே செய்ய முடிகிறது. உங்கள் பயனர் பெயருக்கு ஆடியோ குழுவில் நிகழ்நேர முன்னுரிமை இருப்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்; அது இல்லாமல் நிகழ்நேரக் கெர்னலை வைத்திருந்தும் பயனில்லை.

கணினி ஆசிரியை, பட்டுக்கோட்டை: பள்ளி ஆய்வகத்தில் ஒரே மாதிரியான இருபது பழைய கணினிகள் இருக்கின்றன. 32 பிட் விண்டோஸ் இருந்தது. டெபியன் 13இன் நிறுவல் வட்டு 32 பிட்டுக்கு இல்லை என்கிறார்கள். கெர்னலை நானே 32 பிட்டில் தொகுத்துப் போட்டுவிடலாமா?

அம்மா, முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். 32 பிட் விண்டோஸ் இருந்ததால் செயலியும் 32 பிட்டாக இருக்க வேண்டியதில்லை. கோர் 2 டுயோ வகைச் செயலிகள் கொண்ட எத்தனையோ கணினிகள் 64 பிட் திறன் இருந்தும் 32 பிட் விண்டோஸோடு விற்கப்பட்டன. ஏதேனும் ஒரு லினக்ஸ் பென்டிரைவில் துவக்கி, செயலியின் விவரத்தில் எல்எம் என்ற இரண்டு எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் 64 பிட் டெபியன் 13ஐயே நிறுவலாம், கேள்வியே எழாது.

இல்லாவிட்டால், 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பு 32 பிட் இன்டெல் வகைக்குக் கெர்னலையும் நிறுவியையும் நிறுத்திவிட்டது என்பது உண்மை. 12ஆம் பதிப்பில் இரண்டும் உண்டு, அதை நிறுவுங்கள். கெர்னலின் மூலநிரலில் 32 பிட் இன்னும் இருப்பதால் நீங்களே தொகுக்கவும் முடியும். எனினும் நான் தயங்குவது தொகுப்பதைப் பற்றியன்று, அதன் பிறகு வரும் கடமையைப் பற்றி. நாற்றங்கால் விட்டவர் தினமும் தண்ணீர் பார்க்க வேண்டும். கெர்னலுக்குத் திருத்தப் பதிப்புகள் ஏறத்தாழ வாரந்தோறும் வருகின்றன. 2024 பிப்ரவரி முதல் பாதுகாப்புக் குறைகளுக்கான எண்களைக் கெர்னல் குழுவே வழங்குகிறது. அவை ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வழங்கலின் கெர்னலில் அந்தத் திருத்தங்கள் வழக்கமான புதுப்பித்தலிலேயே வந்துவிடும். உங்கள் கெர்னலில் வர வேண்டுமென்றால் நீங்கள் ஒவ்வொரு முறையும் தொகுக்க வேண்டும். மாற்றலாகிப் போனால் அடுத்து வருபவர் தொகுக்க வேண்டும். பிள்ளைகள் இணையத்தில் உலவும் கணினிகளை அப்படி விட்டுச்செல்வது சரியில்லை.

ஆனால் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒருமுறை தொகுத்துக் காட்டுங்கள். இருபதும் ஒரே மாதிரியானவை என்பதால், வேகமான ஒரு கணினியில் டெப் தொகுதியாகத் தொகுத்து, பென்டிரைவில் எடுத்துப்போய் ஒவ்வொன்றிலும் நிறுவலாம். மெனுகான்ஃபிக் பட்டியலில் தங்கள் பள்ளிக் கணினியின் வலையட்டைப் பெயரைப் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கும்போது அவர்கள் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். வகுப்பு முடிந்ததும் வழங்கலின் கெர்னலையே இயல்பிருப்பாக வைத்துவிடுங்கள்.

வாசகர், மயிலாடுதுறை: டெபியன் 12இலிருந்து 13க்கு மாறியபின் மூடி வைத்த மடிக்கணினி திறந்தால் விழிப்பதில்லை. புதிய கெர்னலைத் தொகுத்தால் சரியாகுமா?

உங்கள் மடலைக் கடைசியாக வைத்திருப்பதற்குக் காரணம், மற்ற எல்லோரையும் விட உங்களுக்குத்தான் தொகுப்பதற்கான உண்மையான தேவை இருக்கிறது என்பது. ஆனால் அதுவும் உடனே அன்று.

12ஆம் பதிப்பின் 6.1 கெர்னல் உங்கள் கணினியில் இன்னும் இருக்கும். தேவையற்ற தொகுதிகளை நீக்கும் கட்டளையை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். கிரப்பின் மேம்பட்ட விருப்பங்களில் அதைத் தேர்ந்து துவக்கி, மூடித் திறந்து பாருங்கள். விழித்தால், 6.1க்கும் 6.12க்கும் இடையே எங்கோ ஒரு மாற்றம் உங்கள் கணினியைப் பாதித்திருக்கிறது. முன்பு வேலை செய்தது புதிய பதிப்பில் வேலை செய்யாமல் போவதை லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுத்துக்கொள்வதில்லை. அத்தகைய குறைகளைச் சரிசெய்வதைக் கெர்னல் குழுவினர் தங்கள் முதற்கடமையாக ஏற்றிருக்கிறார்கள். எந்த மாற்றம் என்று சுட்டிக்காட்ட வேண்டியது மட்டுமே உங்கள் பங்கு.

அதையும் ஆயத்தக் கெர்னல்களைக் கொண்டே பாதி தூரம் செய்யலாம். டெபியன் இதுவரை வெளியிட்ட தொகுதிகள் எல்லாவற்றையும் ஸ்னாப்ஷாட் என்ற காப்பகத்தில் வைத்திருக்கிறது. 6.1க்கும் 6.12க்கும் நடுவிலுள்ள ஒன்றை இறக்கி நிறுவிப் பாருங்கள். அது விழித்தால் மேற்பாதி, விழிக்காவிட்டால் கீழ்ப்பாதி என்று குறுக்கிக்கொண்டே வந்தால், நான்கு முறைக்குள் அடுத்தடுத்த இரண்டு பதிப்புகளுக்கு இடையில் வந்து நிற்பீர்கள். இதுவரை ஒருமுறையும் தொகுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தடுத்த இரண்டு பதிப்புகளுக்கு இடையே பதினாலாயிரத்தை ஒட்டிய மாற்றங்கள் இருக்கும். இங்கேதான் தொகுத்தல் தேவைப்படுகிறது. கிட் பைசெக்ட் என்ற கட்டளை நடுவிலுள்ள மாற்றத்தை எடுத்துத் தரும். நீங்கள் தொகுத்து, துவக்கி, மூடித் திறந்து, நல்லது அல்லது கெட்டது என்று சொல்ல வேண்டும். பாதிபாதியாகக் குறைவதால் பதினான்கு முறையில் ஒரே மாற்றத்துக்கு வந்துவிடலாம். மன்னார்குடி மாணவருக்குச் சொன்ன லோக்கல்மாட்கான்ஃபிக் முறையில் அமைவைச் சுருக்கிக்கொண்டு, நாளைக்கு இரண்டு என்று செய்தால் ஒரு வாரம் ஆகும்.

முடிவில் கிடைக்கும் மாற்றத்தின் அடையாள எண்ணோடு, மூலநிரலில் உள்ள மெயின்டெய்னர்ஸ் என்ற கோப்பில் அந்தப் பகுதியின் பொறுப்பாளர் முகவரியைப் பார்த்து மடல் எழுதுங்கள். ஆங்கிலம் சரளமாக வராதே என்று தயங்க வேண்டாம். மடிக்கணினியின் மாதிரி எண், அந்த மாற்றத்துக்கு முந்தைய கெர்னலில் விழித்தது என்ற ஒரு வரி, அதற்குப் பின் விழிக்கவில்லை என்ற ஒரு வரி, டிமெஸ்ஜி கட்டளையின் வெளியீடு ஆகியவை போதும். திருத்தம் ஒன்றை அனுப்பிச் சோதித்துச் சொல்லக் கேட்பார்கள். அதற்காகத் தொகுப்பு அடைவை அழிக்காமல் வைத்திருங்கள், அதுவரை 6.1லேயே வேலை செய்யுங்கள்.